பேட்டரிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு பெட்டி

பழைய சைக்கிளுக்கு மோட்டார் மாட்ட ஆசைப்படுகிறவர் முதலில் மோட்டாரைத் தேடி வாங்குவார். அடுத்தது பேட்டரி. இரண்டிலும் கையிருப்பு கரைந்த பிறகு, மிச்சக் காசுக்குக் கிடைக்கிற ஒரு கன்ட்ரோலரை வாங்கி முடிப்பார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டி. அதன் ஒரு பக்கத்திலிருந்து இருபது முப்பது ஒயர்கள் கொத்தாகத் தொங்கும். கடையில் கேட்கப்படும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: “எத்தனை வோல்ட், எத்தனை வாட்?” 36, 250 என்றால் பெட்டி கைக்கு வந்துவிடும்.

வண்டி உதறிக்கொண்டு கிளம்புமா, வழுக்கிக்கொண்டு கிளம்புமா? மேட்டில் மூச்சு வாங்குமா? பேட்டரி எத்தனை வருடம் தாங்கும்? மோட்டார் கருகாமல் பிழைக்குமா? இவ்வளவுக்கும் விடை அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை வாட் கணக்கில் வாங்குவது, செருப்பை எடை பார்த்து வாங்குவது போல. கேட்க வேண்டியது ஆம்பியரை. அந்த ஆம்பியரிலும் இரண்டு உண்டு. வாங்குகிறவர்களில் பலருக்கு ஒன்றுதான் தெரியும்.

இன்றைய மின்சைக்கிள்களில் பரவலாக இருப்பது ஹப் மோட்டார். ஸ்போக்ஸ் கம்பிகள் வந்து சேரும் நடுக்குடத்தில் மோட்டாரே உட்கார்ந்திருக்கும். சுழலும் வெளிக்கூட்டின் உட்சுவரில் காந்தங்கள். அச்சோடு அசையாமல் நிற்பவை செப்புக் கம்பிச் சுருள்கள். கார்பன் பிரஷ் கிடையாது. பேட்டரியின் இரண்டு முனைகளை நேரே இணைத்தால் சக்கரம் ஒரு துடிப்புத் துடித்து, அந்த இடத்திலேயே இறுகிப்போய் நிற்கும். சுற்ற வேண்டுமானால், காந்தம் நகர நகர மின்சாரமும் ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருளுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தாவலை நடத்துவதுதான் கன்ட்ரோலரின் முதல் வேலை.

காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? சுருள்களுக்கு நடுவே பொதிந்து வைத்த மூன்று ஹால் சென்சார்கள் சொல்லும். எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1879-ல் கண்டறிந்த விளைவின் பெயரைத் தாங்கிய மிளகளவுச் சில்லுகள் அவை. அவை தரும் சைகைக்கு ஏற்ப, பெட்டிக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சுகள் திறந்து மூடும். குறைந்தது ஆறு மாஸ்ஃபெட்கள் இருக்கும். சுருள்களுக்குப் போகும் மூன்று ஃபேஸ் ஒயர்களில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கியர் இல்லாத பெரிய ஹப் மோட்டார்களில் 46 காந்தங்கள் வைப்பது வழக்கம். அதாவது 23 ஜோடி. ஒரு ஜோடி கடந்துபோக ஆறு தாவல். சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 138 தாவல். 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கிலோமீட்டரில் உருளும்போது நொடிக்குச் சுமார் 460 தடவை இந்த மாற்றம் நடக்கிறது. த்ராட்டிலை எவ்வளவு முறுக்கியிருக்கிறோமோ அதற்குத் தக்கபடி மின்சாரத்தை அளந்துவிடுவதற்காக, இதே மாஸ்ஃபெட்கள் நடுநடுவே நொடிக்குப் பல ஆயிரம் தடவை அணைந்து எரியவும் வேண்டும். ஒரு தடவை தப்பான நேரத்தில் மேலதும் கீழதும் சேர்ந்து திறந்தால், பேட்டரியின் இரு முனைகளும் நேரே முட்டிக்கொள்ளும். மாஸ்ஃபெட் வெடிப்பது அப்படித்தான்.

மோட்டாரில் பிரஷ் உண்டா இல்லையா என்ற வேறுபாடு தெரியாமல் வாங்கினால் முதல் படியிலேயே சறுக்கும். நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட்களில் ‘எம்.ஒய். 1016 இசட் 2’ என்ற மோட்டார் அடிக்கடி தென்படும். 24 வோல்ட், 250 வாட். பின்சக்கரத்தின் அருகே பொருத்தினால் செயின் வழியாக இழுக்கும். அது பிரஷ் வைத்த மோட்டார். சுருள் மாற்றும் வேலையை உள்ளே இருக்கும் பிரஷே பார்த்துக்கொள்வதால் அதன் கன்ட்ரோலர் மிக எளிமையானது. ஹப் மோட்டாரின் கன்ட்ரோலர் அதற்கு ஆகாது. அதனுடையது ஹப் மோட்டாருக்கும் ஆகாது. அட்டையைப் படிக்காமலே கண்டுபிடிக்கலாம்: மோட்டாரிலிருந்து தடித்த ஒயர் இரண்டு வந்தால் பிரஷ் மோட்டார். தடித்தவை மூன்றும் மெல்லியவை ஐந்தும் வந்தால் ஹால் சென்சார் வைத்த பிரஷ்லெஸ். தடித்தவை மூன்று மட்டும் என்றால் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ். கடைசி வகைக்கு, மோட்டார் சுழலும்போது தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை வைத்து இடத்தைக் கணிக்கும் கன்ட்ரோலர் வேண்டும். நிற்கும் சக்கரத்தில் எதிர் மின்னழுத்தம் இருக்காது என்பதால் அந்த வண்டி கிளம்பும்போது திணறும். இரண்டு மிதி மிதித்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறையிலும் ஓடக்கூடிய கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. நடுவழியில் ஹால் சென்சார் செத்துப்போனாலும் வீடு வந்து சேரலாம் என்பதால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அவற்றை வாங்குவது நல்லது.

அடுத்தது வோல்ட். இங்கேதான் பலர் பெயரை நம்பி ஏமாறுகிறார்கள். ‘36 வோல்ட் பேட்டரி’ என்பது பெயர் மட்டும். பத்து லித்தியம்-அயான் செல்களைத் தொடராக அடுக்கிய அந்தப் பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். 13 செல் அடுக்கிய ‘48 வோல்ட்’ முழுச் சார்ஜில் 54.6. 14 செல் அடுக்கு 58.8. நம் வெயிலைத் தாங்கும் என்று பலர் விரும்பி வாங்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லின் கணக்கு வேறு, அது 3.65 வோல்ட்டில் நிறையும். 16 செல் அடுக்கினால் 58.4. கன்ட்ரோலர் தாங்க வேண்டியது இந்த உச்ச எண்ணை. பெட்டியின் மூடியைத் திறந்தால் உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் மேல் 50, 63, 100 என்று அச்சிட்டிருக்கும். பெட்டியின் உண்மையான வோல்ட் எல்லையை அந்த எண் காட்டிக்கொடுக்கும். 50 வோல்ட் கெபாசிட்டர் வைத்த 36 வோல்ட் பெட்டிக்கு 48 வோல்ட் பேட்டரியைக் கொடுத்து வேகம் கூட்டப் பார்ப்பவர்கள், முழுச் சார்ஜில் இணைக்கும் முதல் நாளே அதை இழக்கலாம். 63 வோல்ட் கெபாசிட்டருக்கு 58.8 வோல்ட் பேட்டரி ஓடும், ஆனால் மூச்சுவிட இடமில்லாத ஓட்டம் அது.

மேல் எல்லை போலவே கீழ் எல்லையும் உண்டு. பேட்டரி வற்றும்போது ஓர் இடத்தில் கன்ட்ரோலர் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் செல்கள் கெடும். சாதாரண 36 வோல்ட் பெட்டிகளில் இது 31.5 வோல்ட்டை ஒட்டியும், 48 வோல்ட் பெட்டிகளில் 42 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது என்பது பழைய விதி. மூன்று பேட்டரிக்கு 31.5, நான்கு பேட்டரிக்கு 42. அதே எண்கள் பத்து செல் லித்தியம்-அயானுக்கும் பதின்மூன்று செல்லுக்கும் பொருத்தமாக விழுவது வாங்குகிறவருக்கு வசதி. வேறு அடுக்கு பேட்டரி வைத்திருப்பவர் மட்டும் ஒரு செல்லுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இனி ஆம்பியர். பெட்டியின் முதுகில் ஒட்டிய சிறு அட்டையை நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ‘36 வோல்ட், 250 வாட்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் ‘ரேட்டட் 7 ஆம்பியர், லிமிட் 14 ஆம்பியர், கூட்டியோ குறைத்தோ ஒன்று’ என்பது போல ஒரு வரி வரும். 36 வோல்ட்டை 14 ஆம்பியரால் பெருக்கினால் 504 வாட். பேட்டரியிலிருந்து அந்தப் பெட்டி உறிஞ்சக்கூடிய உச்சம் அட்டையில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு! இது மோசடி இல்லை. 250 என்பது மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடக்கூடிய அளவு. 504 என்பது சிறிது நேரத்துக்கான உச்சம். ஆனால் ஒரே ‘250 வாட்’ மோட்டாரை 14 ஆம்பியர் பெட்டியோடும் 22 ஆம்பியர் பெட்டியோடும் ஓட்டிப் பார்த்தால் இரண்டு வேறு வண்டிகளாகத் தோன்றும். மோட்டாரின் மேல் எழுதிய வாட் ஒரு பரிந்துரை. எவ்வளவு திணிப்பது என்று முடிவு செய்வது கன்ட்ரோலர்.

அது பேட்டரி ஆம்பியர். இன்னொன்று ஃபேஸ் ஆம்பியர், அதாவது மோட்டார் சுருளுக்குள் ஓடுவது. இரண்டும் ஒன்றே என்று நினைப்பது இயல்பு. ஆனால் கிளம்பும் நேரத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். கன்ட்ரோலர் வோல்ட்டைக் குறைத்து அந்த அளவுக்கு ஆம்பியரைப் பெருக்கும். பேட்டரியிலிருந்து 36 வோல்ட்டில் 14 ஆம்பியர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி மெதுவாக உருளும்போது மோட்டாருக்கு 12 வோல்ட்தான் தேவை என்றால், இழப்பைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் சுருளில் 42 ஆம்பியர் ஓடும். சக்கரத்தைத் திருகும் விசை பிறப்பது இந்த ஆம்பியரிலிருந்து. மோட்டாரைச் சுடுவதும் இதுவே. அதனால்தான் கிளம்பும்போது இழுவை அதிகமாகவும் வேகம் ஏற ஏறக் குறைவாகவும் தெரிகிறது. நல்ல கன்ட்ரோலரில் இந்த இரண்டு எல்லைகளையும் தனித்தனியே குறிக்கலாம். மலிவானதில் ஃபேஸ் எல்லை எவ்வளவு என்று அட்டையிலும் இருக்காது, விற்பவருக்கும் தெரியாது.

இது ஏன் முக்கியம் என்று புரிய ஒரு மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். ஆளும் வண்டியுமாக 100 கிலோ. சமதளத்தில், காற்று வீசாத நேரத்தில், மணிக்கு 25 கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து போகச் சக்கரத்தில் 180 வாட் போல இருந்தால் போதும். அதே வண்டி எட்டு சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் ஏறும் பாதையில், 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 360 வாட்டுக்கு மேல் ஆகும். நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் மிகக் கடுமையான ஏற்றமும் ஏறக்குறைய இதே சரிவுதான். வேகம் குறைந்தும் தேவை இரட்டித்துவிட்டது. குறைந்த வேகத்தில் அதிக விசை என்றால் சுருளில் அதிக ஆம்பியர். ஒரு ஹப் மோட்டார் சுருளின் மின்தடை 0.2 ஓம் என்று கொண்டால், 20 ஆம்பியர் ஓடும்போது உள்ளே 80 வாட் வெறும் சூடாகிறது. 40 ஆம்பியர் ஓடினால் 320 வாட். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பன்னிரண்டு பதின்மூன்று சால்டரிங் அயர்ன்களை ஒரு மூடிய டப்பாவுக்குள் எரியவிட்டது போன்ற சூடு அது.

சென்னையின் மேம்பாலம் ஒன்றில் ஏற ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் மோட்டார் தாங்கிக்கொள்ளும், இறக்கத்தில் ஆறிக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அதே பெட்டியோடு ஏற நினைத்தால் கதை வேறு. நேரம்தான் எதிரி. மலைப்பாதைக்குக் கட்டப்படும் வண்டிக்குப் பெரிய ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். கியர் இல்லாத ஹப் மோட்டாரில் அந்த ஆலோசனை மோட்டாரைக் கருக்கவே உதவும். அங்கே வேண்டியது சிறிய சக்கரம், அல்லது உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார், அல்லது மிதிகட்டை அருகே உட்கார்ந்து சைக்கிளின் கியர்கள் வழியாக இழுக்கும் மிட்-டிரைவ். மிட்-டிரைவில் கன்ட்ரோலர் பெரும்பாலும் மோட்டார் கூட்டுக்குள்ளேயே வந்துவிடும். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போய்விடுகிறது, பொருந்துமா என்ற கவலையும் போய்விடுகிறது.

மோட்டார் தாங்கினாலும் பேட்டரி தாங்க வேண்டுமே. 2.5 ஆம்பியர்-மணி செல்களை நான்கு நான்காகச் சேர்த்து, பத்து வரிசை அடுக்கினால் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணிப் பேட்டரி. ஒரு செல் தொடர்ந்து 5 ஆம்பியர் தரும் வகை என்றால் மொத்தம் 20 ஆம்பியர். ஆனால் அதற்குள் இருக்கும் காவல் பலகை, பேட்டரிக்காரர்கள் பி.எம்.எஸ். என்று சொல்வது, 15 ஆம்பியருக்கானதாக இருக்கலாம். அதோடு 22 ஆம்பியர் கன்ட்ரோலரை இணைத்தால் சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில், பாரத்தோடு, முழு த்ராட்டிலில் போகும்போது பி.எம்.எஸ். பட்டென்று துண்டிக்கும். டிஸ்பிளே இருண்டுவிடும், வண்டி நின்றுவிடும். பின்னால் லாரி வரும் சாலையில் இது விளையாட்டல்ல. பேட்டரிக்காரரிடம் கேட்க வேண்டியது “தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர்?” என்ற கேள்வி. கன்ட்ரோலரின் உச்ச எல்லை அதற்கு இரண்டு மூன்று ஆம்பியராவது கீழே இருக்கட்டும். பேட்டரியின் ஆயுள் நீளும் என்பது கூடுதல் லாபம்.

ஆகவே வாங்கும் வரிசையே மாற வேண்டும். போகும் பாதையும் சுமக்கும் பாரமும் முதலில்; அதற்கேற்ற மோட்டார்; அந்த மோட்டாரும் பேட்டரியும் இரண்டுமே தாங்கும் ஆம்பியர்; அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கன்ட்ரோலர். கனடாவின் வான்கூவர் நகரில் உள்ள கிரின் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் இதற்காகவே ஒரு கணிப்பு மென்பொருளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர், சக்கர அளவு, மொத்த எடை, சரிவு எல்லாவற்றையும் கொடுத்தால், எந்த வேகத்தில் எவ்வளவு இழுவை, எவ்வளவு சூடு என்று வரைபடம் போட்டுக் காட்டும். கன்ட்ரோலரின் ஆம்பியரை மட்டும் மாற்றி மாற்றி அந்தக் கோடுகள் எப்படி நகர்கின்றன என்று பார்த்தால், பத்துக் கட்டுரைகள் சொல்லாததை அரை மணி நேரத்தில் புரிந்துகொள்ளலாம்.

விலை வித்தியாசத்துக்கு இன்னொரு காரணம் அலை வடிவம். மேலே சொன்ன ஆறு தாவல் முறையில் மின்சாரம் படிக்கட்டு போல வெட்டி வெட்டி மாறும். ஒவ்வொரு படியிலும் சக்கரம் ஒரு சிறு குலுக்கல் குலுங்கும். கிளம்பும்போது ‘கர்ர்’ என்று ஒரு முனகல் கேட்கும். சைன் அலை கன்ட்ரோலர் அந்தப் படிக்கட்டை வழவழப்பாக்குகிறது. சத்தம் அடங்கிவிடும். அதற்கும் மேலே போவது ‘ஃபீல்டு ஓரியன்டட் கன்ட்ரோல்’. சுருள்களின் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, காந்தப் புலத்துக்குச் சரியாகச் செங்குத்தான திசையில் விசை விழும்படி திருத்திக்கொண்டே இருக்கும் முறை. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே போன்றவர்கள் ஆலை மோட்டார்களுக்காக வகுத்த கணிதம் இது. அன்று அதைச் செய்ய ஒரு அலமாரி நிறைய மின்னணுக் கருவிகள் வேண்டியிருந்தது. இன்று ஒரு நகத்தளவு சில்லு செய்துவிடுகிறது.

சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் என்ற பொறியாளர் மின் ஸ்கேட்போர்டுகளை மனத்தில் வைத்து வடிவமைத்த ‘வெஸ்க்’ என்ற கன்ட்ரோலர், மின்வாகனத்தைத் தாமே கட்டுகிறவர்களின் உலகத்தில் பெரிய திறப்பாக அமைந்தது. சுற்றுப்படத்தையும் மென்பொருளையும் அவர் எல்லோருக்கும் திறந்து வைத்தார். பேட்டரி ஆம்பியர், ஃபேஸ் ஆம்பியர், வெட்டு வோல்ட், சூடு எல்லை, த்ராட்டிலின் வளைவு என்று அத்தனையும் கணினியில் இணைத்து மாற்றிக்கொள்ளலாம். மோட்டாரின் மின்தடையையும் தூண்டலையும் அதுவே அளந்து கண்டுபிடித்துக்கொள்ளும். கற்றுக்கொள்ள ஆசையும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. ஆனால் இரண்டாம் மாதமே அலுவலகம் போய்வர வண்டி வேண்டும் என்பவர் இதில் இறங்க வேண்டாம். தப்பாக நிரப்பிய ஒரு எண், பெட்டியைப் பலிகொள்ளும். நகரத்துக்குள் தினம் பத்து இருபது கிலோமீட்டர் போகிறவருக்கு, ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள 14, 15 ஆம்பியர் சைன் அலைப் பெட்டி தாராளமாகப் போதும். அதற்கு மேல் செலவழிக்கும் பணத்தைப் பேட்டரியில் போட்டால் பலன் அதிகம்.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் ‘ரீஜென்’ வசதி விளம்பரங்களில் கவர்ச்சியாகத் தெரியும். கியர் வைத்த ஹப் மோட்டார்களில் ஒருவழிச் சுழல் கிளட்ச் இருப்பதால் அது வேலையே செய்யாது. கியர் இல்லாத மோட்டாரில் செய்யும். சமதளத்தில் திரும்பக் கிடைப்பது சொற்பம். மலையில் கணக்கு வேறு, ஆபத்தும் வேறு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம்; மேட்டுப்பாளையம் மலையடிவாரம். இடையே ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். 100 கிலோ எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் 500 வாட்-மணிக்கு மேல். நாம் மேலே பார்த்த 36 வோல்ட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 360 வாட்-மணி! காற்றும் டயரும் பிரேக் கட்டையும் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்றாலும், ஊட்டியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நிறைந்த பேட்டரியோடு காலையில் இறங்குகிறவர் கவனிக்க வேண்டும். திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை. பி.எம்.எஸ். கதவைச் சாத்தினால், போக்கிடமில்லாத வோல்ட் கன்ட்ரோலரின் கெபாசிட்டரிலும் மாஸ்ஃபெட்டிலும் ஏறும். அந்த நொடியில் ரீஜென் பிரேக்கும் கைவிட்டுவிடும். வோல்ட் ஓர் அளவைத் தாண்டினால் ரீஜெனைத் தானே குறைக்கும் கன்ட்ரோலர் மட்டுமே மலைக்கு ஏற்றது. அதோடு இரண்டு சக்கரத்திலும் நல்ல பிரேக்.

டிஸ்பிளே விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கன்ட்ரோலரும் டிஸ்பிளேயும் ஒரே மொழி பேச வேண்டும். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக வேறு தயாரிப்பாளரின் டிஸ்பிளேயை மாட்டினால் பிழை எண் ஒன்றைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்குவதே வழி.

பாதுகாப்புக்கான சில ஒயர்களைச் சுருக்கிச் சொல்ல மனம் வராது. த்ராட்டிலுக்கு மூன்று ஒயர்: 5 வோல்ட், கிரவுண்டு, சைகை. முறுக்காதபோது சைகை ஒரு வோல்ட்டை ஒட்டியும், முழுதாக முறுக்கினால் நான்கு வோல்ட்டைத் தாண்டியும் இருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பிக் கிரவுண்டு ஒயர் அறுந்துபோனால் சைகை ஐந்து வோல்ட்டுக்கு எகிறும். முட்டாள் கன்ட்ரோலர் அதை முழு த்ராட்டில் என்று எடுத்துக்கொண்டு வண்டியைப் பாயவிடும். நல்லது, “இவ்வளவு உயர்ந்த வோல்ட் இயற்கையானது இல்லை” என்று மோட்டாரை அணைக்கும். சாவி போடும்போது த்ராட்டில் ஏற்கெனவே முறுக்கியிருந்தால் கிளம்ப மறுப்பதும் அதே வகைக் காவல். பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டாரைத் துண்டிக்கும் ஒயரை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சுருட்டிக் கட்டி வைக்கும் வண்டிகள் நிறைய உண்டு. அதை இணைக்காமல் தெருவில் இறங்கவே கூடாது. வீட்டில் குழந்தைகள் அந்த வண்டியைத் தொடுவார்கள்.

சட்டத்தின் எண்ணும் இதே பெட்டியில்தான் வந்து முடிகிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(யு) பிரிவின்படி, அரை மணி நேரத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. மிதிக்கும்போது உதவும் வகை என்றால், 25-ஐ எட்ட எட்ட உதவி குறைந்து நின்றுவிட வேண்டும். இந்த விலக்கு, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற மாடல்களுக்கானது. வீட்டில் கட்டிய வண்டிக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. மோட்டாரில் ‘250’ என்று எழுதிவிட்டுக் கன்ட்ரோலரின் வேக எல்லை ஒயரை வெட்டிவிடுகிறவர்கள், ஒரு விபத்து நடந்த பிறகு அந்த வெட்டின் விலையைத் தெரிந்துகொள்வார்கள்.

பொருத்தும் இடத்துக்கு வருவோம். மழை படக்கூடாது என்று சீட்டுக்குக் கீழே ரெக்சின் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுவது பொதுவான பழக்கம். மே மாதத்து வெயிலில் அந்தப் பை அடுப்பாகிவிடும். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. பெட்டியின் தட்டையான முதுகு சைக்கிள் சட்டத்தைத் தொட்டபடி, காற்று படும் இடத்தில், ஒயர்கள் வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒயர்கள் ஒருமுறை தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறினால், வழிந்துவரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்; பெட்டிக்குள் போகாது.

பேட்டரியை முதன்முதலாக இணைக்கும்போது ‘பட்’ என்று ஒரு பொறி பறக்கும். காலியாக இருந்த கெபாசிட்டர்கள் ஒரே மடக்கில் நிறைவதால் வருவது அது. ஒவ்வொரு முறையும் கனெக்டரின் பித்தளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். உள்ளே மின்தடை வைத்த, பொறி பறக்காத கனெக்டர்கள் கிடைக்கின்றன. மஞ்சள் நிற எக்ஸ்.டி. 90 வகையில் ‘எஸ்’ என்று குறித்தவை. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

மோட்டாரின் மூன்று ஃபேஸ் ஒயர்களும் மஞ்சள், பச்சை, நீலம். ஹால் சைகைகளும் அதே மூன்று நிறம். நிறத்துக்கு நிறம் இணைத்தால் ஓடிவிடும் என்பது நம்பிக்கை. எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. இணைக்கும் வழிகள் மொத்தம் 36. அவற்றில் மூன்று வண்டியை முன்னே சரியாக ஓட்டும், மூன்று பின்னே. மீதி முப்பதில் சக்கரம் உதறும், உறுமும், ஆம்பியரை அள்ளிக் குடிக்கும். பல பெட்டிகளில் இதற்காகவே ஒரு ஜோடி வெள்ளை ஒயர் தரப்படுகிறது. அவற்றை இணைத்து மின்சாரம் கொடுத்தால், கன்ட்ரோலர் தானே முயன்று பார்த்துச் சரியான வரிசையைக் கற்றுக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுற்றும். பின்னோக்கிச் சுற்றினால் வெள்ளை ஒயர்களைப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும், திசை மாறும். முன்னோக்கிச் சுற்றும்போது பிரித்து, தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிடலாம். இது முழுவதும் சக்கரம் தரையைத் தொடாமல், வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது நடக்க வேண்டியது. அதற்கு முன் அச்சின் நட்டுகளை இறுக்கி, அச்சு தன் இடத்தில் புரண்டுவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் பட்டையையும் போட்டிருக்க வேண்டும்.

பிறகு முதல் ஓட்டம். பத்து நிமிடம், வழக்கமான பாரத்தோடு, வழக்கமாகப் போகும் மேடு உள்ள தெருவில். வந்து நிறுத்தியதும் கன்ட்ரோலரின் முதுகிலும் மோட்டாரின் பக்கத் தகட்டிலும் கையை வைத்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பு சரி. கையை வைத்து ஐந்து எண்ணும் வரை தாங்க முடியாத சூடு என்றால், டிஸ்பிளேயில் ஆம்பியர் எல்லையை ஒரு படி இறக்கி, ஆறவிட்டு, மறுபடியும் அதே தெருவில் அதே மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும்.